அரிசியில் புழு இருந்தால் யாரைக் கேட்பது?

நான் சத்துணவு அமைப்பாளராக இருந்த பள்ளிக்கு எவர்சில்வர் தட்டு வாங்கித் தந்தவர் ஒரு தீப்பெட்டி ஆலை முதலாளி. தட்டு விளிம்பில் அவருடைய அப்பா பெயரைப் போட்டு 'நினைவாக' என்று வெட்டியிருக்கும். நல்ல மனிதர்தான். ஆனால் அந்தத் தட்டில் சாப்பிட்ட பிள்ளைகளில் பலருடைய அம்மாமார் அவருடைய ஆலையிலேயே கூலிக்குப் போனவர்கள். செய்த வேலைக்கு எண்ணித்தான் கூலி. அடைமழை பிடித்தால் குச்சி காயாது. வேலையும் கிடையாது, கூலியும் கிடையாது.

"தட்டு வாங்கின காசுக்குக் கூலியக் கொஞ்சம் ஏத்தியிருக்கலாமேக்கா?" என்று சமையலர் அக்காவிடம் ஒருநாள் கேட்டேன். "இவரு மட்டும் ஏத்தினா பண்டல் வெலை ஏறிரும். பக்கத்து ஆலைக்காரன் கொறச்சு வித்துட்டுப் போயிருவான் டீச்சர்" என்றார், சோற்றைக் கிளறிக்கொண்டே. சந்தைப் போட்டியைப் பற்றி இவ்வளவு தெளிவாக எனக்கு வேறு யாரும் சொன்னதில்லை. ஆலைக்குள் இரங்க முடியாத மனிதர் பள்ளிக்கூடத்துக்கு வந்து இரங்குகிறார்.

அந்த இரக்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. தமிழ்நாட்டின் மதிய உணவே அதில்தான் வேர்விட்டது. 1956-இல் எங்கள் பக்கத்து எட்டயபுரத்தில் காமராசர் அதைத் தொடங்கி வைத்தபோது பெரும்பாலும் ஊரார் தந்த நன்கொடையில்தான் உலை கொதித்தது. கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய்ப் பேசித் திரட்டினார். வாத்தியாராக இருந்த என் அப்பாவும் வீடு வீடாகப் போயிருக்கிறார். "மாசியில மூட்டை வரும். ஐப்பசியில படி வரும். மழை பொய்ச்ச வருசம் 'அடுத்த வாரம் பாப்போம் சார்'னு பதில் வரும்" என்பார். கரிசல் பூமி அப்படி. வானம் ஏமாற்றினால் கூலிக்காரர் வீட்டில் உலை ஏறாது. அதே வருடம் கொடுக்கிறவர் வீட்டுக் குலுக்கையும் காலியாகத்தான் கிடக்கும். பசி கூடும்போதுதான் தர்மம் குறைகிறது. யாருடைய மனசிலும் குற்றமில்லை.

பிறகு அரசுப் பணம் வந்தது; 1961 முதல் 'கேர்' நிறுவனத்தின் பால்பவுடரும் எண்ணெயும் வந்தன. 1982 ஜூலை 1 அன்று திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். இது எத்தனை நாளைக்கு என்று கேட்டவர்கள் உண்டு. ஆட்சி மாறியது, சோறு நிற்கவில்லை. எதிர்க்கட்சியாக இருந்து ஆட்சிக்கு வந்தவர்கள் 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டையைச் சேர்த்தார்கள். 2010-இல் அது வாரம் ஐந்தானது. ஓட்டுக்காகத்தானே என்பார்கள். இருக்கட்டுமே, ஓட்டுக்குப் பயந்து போட்டாலும் முட்டை முட்டைதான்.

அரசு கைவிடாது என்றும் சொல்ல மாட்டேன். 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது. கல்வி நிதியை இதற்குச் செலவழிக்க விதி இடம் தரவில்லை என்று 1925-இல் ஆங்கிலேய அரசு அதை நிறுத்தச் சொன்னது. வருகையைக் கூட்டி எழுதுகிற மையங்களும் உண்டு, அழுகல் முட்டையும் உண்டு. எங்களுக்குத் தந்த ஊதியத்தைப் பற்றிப் பேசினால் இந்தப் பக்கம் போதாது.

ஆனாலும் ஒன்று. ஒருமுறை வந்த அரிசி மட்டம். எவ்வளவு புடைத்தும் புழு முழுதாகப் போகவில்லை. மறுநாள் ஆலைக்குப் போகிற வழியில் ஓர் அம்மா வாசலில் நின்று பிடித்துக்கொண்டாள். "ஏன் டீச்சர், ஒங்க பிள்ளைக்கு இதப் போடுவீங்களா? ஆபீசுல சொல்லி மாத்துதீகளா, இல்ல நான் போயிச் சொல்லட்டா?" எனக்கு அவமானமாக இருந்தது. மூட்டை மாறியது.

அதே பள்ளியில் பிறந்தநாளுக்கும் திதிக்கும் பாயசத்தோடு சாப்பாடு போட வருகிறவர்கள் உண்டு. பிள்ளைகள் எழுந்து நின்று நன்றி சொல்லி, போட்டோவுக்கு நின்றபிறகுதான் இலையில் கை வைப்பார்கள். பாயசத்தில் இனிப்பு இல்லை என்று எந்த அம்மாவும் வாசலுக்கு வந்ததில்லை. வரவும் முடியாது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களிலும் அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தர உத்தரவிட்டதே, அதன்பின் அந்தச் சோற்றுக்கு வழக்கே போடலாம். பாயசத்துக்கு எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

கொடுக்கிறவர் கை என்ன கொடுப்பது என்பதையும் தீர்மானிக்கும். அட்சய பாத்திரா நிறுவனம் பிரம்மாண்டமான சமையல்கூடங்களில் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குச் சுத்தமாகச் சமைக்கிறது. ஆனால் முட்டை கிடையாது, வெங்காயம் பூண்டும் கிடையாது. அது அவர்கள் நம்பிக்கை. பிள்ளையின் உடம்புக்கு என்ன வேண்டும் என்பது வேறு கணக்கு.

பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013-இல் சட்டமே வந்துவிட்டது. தர்மத்துக்கே சட்டம் போட வேண்டியிருந்ததில் எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் உண்டு. இருந்தாலும் தனியார் பணம் வரவே கூடாது என்பவள் அல்ல நான். கர்நாடகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு வாரம் இரண்டு முட்டை கொடுத்து வந்தது. 2024-இல் அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை மீதி நான்கு நாளுக்கும் செலவை ஏற்றது: 3 ஆண்டுக்கு சுமார் 1,500 கோடி ரூபாய். பணம் அறக்கட்டளையுடையது, முட்டை வருவது அரசுப் பள்ளியின் தட்டுக்கு. அழுகியிருந்தால் தலைமையாசிரியரைப் பிடித்துக் கேட்கலாம். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒப்பந்தம் மூன்று ஆண்டுக்குத்தான். நான்காம் ஆண்டு அந்த நான்கு முட்டை யார் கணக்கில் வரும் என்று அங்குள்ள அம்மாமார் இப்போதே கேட்டுவைத்துக்கொள்வது நல்லது.