வேகத்தை யார் வாசிக்கிறார்கள்?

தொலைக்காட்சித் தொடரின் பாத்திரங்களை வைத்து எழுதப்படும் விஞ்ஞான சாகச நாவல் என்றதும் நம் நண்பர்கள் பலர் முகம் சுளிக்கிறார்கள். ‘அது சரக்குங்க, பிரதி இல்ல’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். சரக்குதான். ஆனால் சரக்கு எப்படிச் செய்யப்படுகிறது, யார் வாங்குகிறார்கள், வாங்கியவர் அதை வைத்து என்ன செய்கிறார் என்று கேட்பதும் விமர்சனத்தின் வேலைதானே? புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து இதைக் கேட்பதற்குத் தனிக் காரணமும் உண்டு.

முதலில் இந்நாவல்களின் பிறப்பு. 1963இல் பிபிசி ‘டாக்டர் ஹூ’வைத் தொடங்கியது. 1960களின் ஒளிநாடாக்கள் பலவற்றை அந்நிறுவனமே அழித்துவிட்டது. 90க்கும் மேற்பட்ட பகுதிகள் இன்றும் கிடைக்கவில்லை. வீடியோ கேசட் வீடுகளுக்கு வராத காலம் அது. பார்த்த கதையை மறுபடி அடையப் பெரும்பாலும் புத்தகமே வழி. டார்கெட் பதிப்பகம் 1973 முதல் அக்கதைகளைச் சிறு நாவல்களாக்கியது. டெரன்ஸ் டிக்ஸ் மட்டும் 60க்கு மேல் எழுதினார். அமெரிக்காவில் ஜேம்ஸ் பிளிஷ் 1967 முதல் ‘ஸ்டார் ட்ரெக்’ கதைகளை எழுத்தாக்கினார். 1970இல் திரையில் வராத புதுக்கதையை ‘ஸ்பாக் மஸ்ட் டை’ என்ற நாவலாகத் தந்தார். ஆக, வகை இரண்டு: திரையைத் திருப்பிச் சொல்வது ஒன்று, திரைக்கு வெளியே புதிதாகச் சொல்வது மற்றொன்று. வேகம் தேடுகிறவர் பழைய, ஒல்லியான புத்தகங்களிலிருந்து தொடங்கலாம்.

இவற்றின் வேகம் எங்கிருந்து வருகிறது? நாயகனின் முகம், குரல், நடை எல்லாம் வாசகருக்கு ஏற்கனவே தெரியும். வர்ணனைக்கு வேலையில்லை. பக்கமோ குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, பாத்திரம் எழுத்தாளருக்குச் சொந்தமல்ல, நிறுவனத்துக்குச் சொந்தம். நாயகன் சாகக்கூடாது, அடியோடு மாறவும் கூடாது. அடுத்த வாரம் திரைக்கு வரவேண்டுமே! உள்ளே மாற்றம் தடுக்கப்பட்ட இடத்தை வெளியே நிகழ்ச்சிகள் நிரப்புகின்றன. துரத்தல், தப்பித்தல், மறுபடி துரத்தல். இந்த வேகம் ஓர் அழகியல் தேர்வு மட்டுமல்ல, உடைமை உறவின் விளைவும்கூட.

தெரிந்த பாத்திரம், புது நிகழ்ச்சி என்பது நமக்கு அந்நியமா என்ன? எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் ‘வள்ளி திருமணம்’ போடுகிறார்கள். வள்ளி யாரை மணப்பாள் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனாலும் இன்றைக்கு நாரதரும் வள்ளியும் எப்படித் தர்க்கம் பண்ணுவார்கள் என்று பார்க்க சனம் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது. ஒரே வித்தியாசம், வள்ளிக்குக் காப்புரிமை வாங்கிய கம்பெனி கிடையாது.

தமிழில் இந்த உறவு தலைகீழாக அமைந்தது. ‘ஸ்டார் ட்ரெக்’ 1980களில் தூர்தர்ஷனில் ஆங்கிலத்திலேயே வந்தது. ஆனால் நம் வாசகருக்கு விஞ்ஞான சாகசம் சிவகாசியிலிருந்து வந்தது: 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி. இன்னொரு பக்கம் வாரப் பத்திரிகை. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்து, பிறகுதான் தூர்தர்ஷனுக்குப் போனது. இங்கே திரை புத்தகத்தைப் பெறவில்லை, பத்திரிகை திரையைப் பெற்றது. ஒவ்வொரு வாரமும் ‘தொடரும்’ போட்டாக வேண்டிய கட்டாயமே அந்நாவலின் வேகம்.

ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு. பாத்திரங்கள் எழுத்தாளர் கையில் இருந்ததால் அவை மாற முடிந்தது. பிள்ளை பெறவும் அரசின் அனுமதி வேண்டிய நாடு. கணவன் காணாமல்போன நிலா சாதாரணக் குடும்பப் பெண்ணாகத் தொடங்கி அதிகாரத்தோடு மோதுகிறாள். ஜீனோ என்ற இயந்திர நாய் புத்தகம் படிக்கிறது, தானாகச் சிந்திக்கத் தொடங்குகிறது. ஆளும் ஜீவாவின் பிம்பமே கேள்விக்குள்ளாகிறது. சாகசக் கதை கடைசியில் பழைய ஒழுங்கை மீட்டுத் தருகிறதா, அந்த ஒழுங்கின் மீதே சந்தேகத்தைக் கிளப்புகிறதா? வேகமான நாவலைப் பார்த்து நாம் கேட்கவேண்டிய கேள்வி இதுதான். ‘இலக்கியமா?’ என்பது பிறகு.

இனி, முன்பு சொன்ன அந்தக் காரணம். 1991இல் இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் கல்குவாரிப் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். 1992இல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது. கையெழுத்துப் போடக் கற்றவர் அடுத்து என்ன படிப்பது? எழுத்தைக் கூட்டிப் படிக்கிறவருக்கு ஒவ்வொரு வரியும் ஏற்றம். அந்த ஏற்றத்தில் ஆளை இழுத்துப்போக ஏதாவது வேண்டும். அறிவொளியில் படித்த ஓர் அம்மாவிடம் மாத நாவலை ஏன் விடாமல் படித்தீர்கள் என்று கேட்டேன். ‘அந்தப் புள்ள தப்பிச்சாளான்னு தெரியணும்ல தம்பி’ என்றார். நம் விமர்சனக் கோட்பாடுகளில் அந்த வாக்கியத்துக்கு இன்னும் இடமில்லை.

படிக்காமல் விட்டால் கற்ற எழுத்தும் மறந்துபோகும். எழுத்து மறந்தால் மனு, ரசீது, கடன் பத்திரம் எல்லாமே மறுபடி அடுத்தவர் கைக்குப் போய்விடும். ஆகவே வேகமான கதையை ஒதுக்கித் தள்ளுவது ரசனைப் பிரச்சினை மட்டுமல்ல. யார் வாசகராக நீடிக்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரமும் அதில் ஒளிந்திருக்கிறது.

தோழர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஊர்ப்புற நூலகத்துக்குப் புத்தகம் கொடுக்கும்போது நமக்குப் பிடித்த கனமான நூல்களோடு இரண்டு சாகச நாவல்களையும் சேர்த்துக் கொடுங்கள். படித்தவர்களோடு உட்கார்ந்து ‘கடைசியில ஜெயிச்சது யாரு, எதுக்காக ஜெயிச்சாங்க?’ என்று பேசுங்கள். விமர்சனம் அங்கேயும் நடக்கும்.