நுரையீரலில் நீர் கோத்தல்: பாசிர் கூடாங் நிகழ்வை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

2019ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 7ஆம் நாள், ஜொகூர் மாநிலத்தின் பாசிர் கூடாங்கில் ஓடும் சுங்கை கிம் கிம் ஆற்றில் வேதிக் கழிவு கொட்டப்பட்டமை தெரியவந்தது. அதிலிருந்து எழுந்த நச்சு வளியால் அருகிலிருந்த பள்ளிகளே முதலில் பாதிப்புற்றன. மார்ச்சு 13ஆம் நாள் அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை நாடினர். இத்தகைய வளிகள் கடுமையாகத் தாக்கும்பொழுது நுரையீரல் எவ்வாறு செயலிழக்கும் என்பதை ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

சொல்லும் பொருளும்

‘நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது’ என்னும் மக்கள் வழக்கு இரு வேறு நிலைகளைக் குறிக்கின்றது. நுரையீரலைச் சூழ்ந்த இரு உறைகளுக்கிடையே நீர் சேர்வது ஒன்று. அதனை ஊசி வழி வெளியேற்றலாம். நுரையீரலின் காற்று நுண்ணறைகளுக்குள்ளேயே நீர் நிறைவது மற்றொன்று. அதனை அவ்வாறு வெளியேற்ற இயலாது. இப்பின்னதே நாம் ஆராயும் நிலையாகும்.

செயலிழப்பின் படிகள்

மாந்த நுரையீரல்களில் கோடிக்கணக்கான நுண்ணறைகள் உள்ளன. ஒரு மைக்ரோமீட்டர் அளவே தடிப்புடைய சுவரினூடே உயிர்வளி குருதியை அடைகின்றது, கரிவளி வெளியேறுகின்றது. இதய நலிவில் குருதிக் குழாய் அழுத்தம் மிகுவதால் நீர் கசியும். கடும் மூச்சுத்திணறல் நோய்த்தொகுதியிலோ சுவரே சிதைவதால் புரதம் மிகுந்த நீர் நுண்ணறைகளுக்குள் புகுகின்றது. நுண்ணறைகளைச் சுருங்காமல் காக்கும் மேற்பரப்புப் பொருளும் செயலிழக்க, அவை ஒடுங்குகின்றன, நுரையீரல் விறைக்கின்றது. நீர் நிறைந்த அறைகளைக் கடக்கும் குருதி உயிர்வளி பெறாமலே திரும்புகின்றது. ஆகவேதான் மிகுதியான உயிர்வளி அளிப்பினும் நோயாளியின் குறை முற்றிலும் நீங்குவதில்லை.

மருத்துவம் கண்ட தெளிவு

1967ஆம் ஆண்டில் பன்னிரு நோயாளிகளை ஆராய்ந்து இந்நிலை முதன்முதலாக விவரிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, செயற்கைச் சுவாசக் கருவி ஒவ்வொரு மூச்சிலும் செலுத்தும் காற்றைக் குறைத்தபொழுது இறப்பு விழுக்காடு ஏறத்தாழ 40இலிருந்து 31ஆகக் குறைந்ததை நிறுவியது. விறைத்த நுரையீரலை மிகையாக விரிப்பதும் காயமே என்பது இதனால் தெளிவாயிற்று.

முடிவுரை

சில நச்சு வளிகளைச் சுவாசித்தோர் முதலில் நலமாகத் தோன்றிப் பல மணி நேரம் கழித்து மூச்சுத்திணறலுக்கு ஆளாவதுண்டு. எனவே, இருமல் தணிந்ததென மாணவரை வகுப்புக்கோ திடலுக்கோ அனுப்பிவிடாமல், தூய காற்றுள்ள இடத்தில் ஓய்வளித்து மருத்துவரிடம் ஒப்படைத்தல் ஆசிரியர் கடனாகும். ‘நுண்ணறை நீர்க்கோப்பு’, ‘உறையிடை நீர்க்கோப்பு’ என இரு நிலைகளையும் வேறுபடுத்திக் கற்பித்தல் நலம் பயக்கும் எனக் கருதுகிறோம்.