மூக்கில் குழாய் இருந்தாலும் புரையேறும்

2011 கணக்கெடுப்பின்படி கேரள மக்களில் 12.6 சதவீதம் பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். வேறெந்த மாநிலத்திலும் இந்த அளவு இல்லை. முதுமையில் பக்கவாதம் வந்து விழுங்க முடியாமல் போனவர்களில் சிலர், மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு செலுத்தும் குழாயோடுதான் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகிறார்கள். கொச்சி மட்டாஞ்சேரியின் ஒடுங்கிய தெருக்களிலும் இதுதான் நிலை. 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் சக மருத்துவர்களும் தொடங்கிய வலி நிவாரணப் பணி, 2008-ல் அரசின் கொள்கையானது. அதன் பயனாக இன்று இவர்களைப் பார்க்க உள்ளாட்சிகளின் பாலியேட்டிவ் (வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சை) நர்ஸ் வீடு தேடி வருகிறார். ஆனால் அவர் தினமும் வர முடியாது. வேளாவேளைக்குக் குழாயில் உணவு ஊற்றுவது பெரும்பாலும் மகளோ மருமகளோதான். மகன்களும் கற்றுக்கொள்ளலாம்.

உணவு நேரே வயிற்றுக்குப் போகிறது, இனிப் புரையேறாது என்று பலரும் நம்புகிறார்கள். அது சரியல்ல. வயிற்றிலிருந்து மேலேறி வரும் உணவு நுரையீரலுக்குள் இறங்கலாம். வாயில் ஊறும் எச்சிலும் இறங்கலாம். இப்படி நிமோனியா வரலாம். அதனால் ஊற்றும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். ஊற்றி முடித்து அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை இறக்கக் கூடாது. வாயால் சாப்பிடாதவர்தானே என்று பல் துலக்காமல் விடுவது பெரிய தவறு. துலக்காத வாயில் பெருகும் கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்குப் போகின்றன.

குழாய் இடம் மாறியிருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். முதன்முறை போட்டதும் எக்ஸ்ரே எடுத்து உறுதிசெய்வதே நம்பகமான வழி. காற்றைச் செலுத்தி ஸ்டெதாஸ்கோப்பில் ஒலி கேட்பதையும், குழாய் முனையைத் தண்ணீரில் வைத்துக் குமிழி பார்ப்பதையும் நம்ப முடியாது. வீட்டிலிருப்பவர்கள் மூக்கோரத்தில் மார்க்கரால் கோடு போட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் ஊற்றுவதற்கு முன் பார்க்க வேண்டும். கோடு நகர்ந்திருந்தாலோ, இருமலும் மூச்சுத்திணறலும் வந்தாலோ ஊற்றக் கூடாது. நர்ஸைக் கூப்பிட வேண்டும். மூச்சுத் திணறினால் நர்ஸுக்குக் காத்திராமல் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

குழாய் அடைப்பு அநேகமாக நம் கைங்கரியம்தான். உணவுக்கும் மருந்துக்கும் முன்னும் பின்னும், டாக்டர் தண்ணீரைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தாலொழிய, சுமார் 30 மில்லி தண்ணீர் விட்டால் பெரும்பாலும் அடைக்காது. அடைத்துவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரை மெல்லச் செலுத்திப் பார்க்கலாம். கம்பி விட்டுக் குத்தக் கூடாது. மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. எதைப் பொடிக்கலாம் என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள்.

வடித்த கஞ்சித் தண்ணீர் வயிற்றை நிரப்பும், புரதம் தராது. உணவு நிபுணரிடம் அளவு கேட்டு வாங்குங்கள். பல நாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாக நிறைய ஊற்றுவதும் ஆபத்து. ரத்தத்தில் பாஸ்பேட் அளவு சரிந்து இதயம் பாதிக்கப்படலாம்.

நாலைந்து வாரத்துக்கு மேல் குழாய் தேவைப்பட்டால் வயிற்றில் துளையிட்டுப் பொருத்தும் பெக் குழாயைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள். அது கழன்று விழுந்தால் துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கும். நீங்களே திரும்பச் செருகாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.