ஆறாம் படிவப் பிள்ளைக்குத் தூக்கமும் ஒரு பாடம்

இம்மாதம் சுகாதாரப் பகுதியில் காய்ச்சலைப் பற்றியோ இடுப்பு வலியைப் பற்றியோ பேசப் போவதில்லை. எஸ்.டி.பி.எம். தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகளைப் பற்றிப் பேசப் போகிறோம். "அதற்குத்தான் வாத்தியார் இருக்கிறாரே, உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்காதீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படித்துப் பாருங்கள்.

லாபிஸ் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு தாய் என்னிடம் பெருமையாகச் சொன்னார்: "எம் மக ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் லைட்ட அணைக்க மாட்டாங்க. காலையில அஞ்சு மணிக்கு நான்தான் எழுப்பி விடுவேன்." காலையில் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டேன். "கோப்பி மட்டும்தான். வேற ஒண்ணும் எறங்க மாட்டேங்குது." பின்னால் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். கண்கள் உள்ளே போய், உதடு வெளுத்து, நிற்கவே முடியாத மாதிரி. இந்தக் கட்டுரை அந்தத் தாய்க்கும் மகளுக்கும்தான்.

பெற்றோர்களே, ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்த பிள்ளை இரவு பத்து மணிக்கு 17 மணி நேரம் விழித்திருக்கிறது. நடுநிசிக்கு 19 மணி நேரம். இப்படி 17 முதல் 19 மணி நேரம் விழித்திருந்தவர்களை 2000-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது ஏறியவரைப் போலவே அவர்களுடைய கையும் மூளையும் தடுமாறின. அப்படியென்றால், நடுநிசிக்குப் பிறகு பொருளாதாரப் புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கும் பிள்ளை ஏறக்குறைய போதையில் படிக்கிறது என்றுதானே அர்த்தம்? குடித்துவிட்டு வந்தவனிடம் யாராவது கணக்கு எழுதக் கொடுப்போமா?

தூக்கம் வீண் நேரம் என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. விடியுமுன் பெரட்டுக்கு ஓடிய பரம்பரை அல்லவா, அப்படித்தான் நினைக்கத் தோன்றும். ஆனால் பகலில் படித்ததை மூளை அடுக்கி வைப்பது தூக்கத்தில்தான். 18 வயதைத் தாண்டிய பிள்ளைக்கு இரவில் ஏழு முதல் ஒன்பது மணி நேரத் தூக்கம் வேண்டும். ஐந்து மணிக்குப் பள்ளிப் பஸ்ஸுக்காக எழ வேண்டியவர் பத்து மணிக்குள் படுத்தே ஆக வேண்டும். கைப்பேசி அடுப்பங்கரையில் தூங்கட்டும், பிள்ளை அறையில் தூங்கட்டும்.

"அப்படின்னா எப்பங்க படிக்கிறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நேரத்தைக் கூட்ட முடியாது, படிக்கும் முறையை மாற்றலாம். அதை நம் பெரியவர்களின் தொழிலிலிருந்தே சொல்கிறேன். இன்று நம் வட்டாரம் செம்பனையாகிப் போனாலும் பால்மரம் சீவிய கைகள் இன்னும் இருக்கின்றன. ஒருநாள் விட்டு ஒருநாள் சீவினோம். ஏன்? தினமும் ஆழமாகச் சீவினால் பட்டை காய்ந்து பால் வற்றிப் போகும். மரத்துக்கு ஓய்வு கொடுத்தால்தான் பால் ஊறும். படிப்பும் அப்படித்தான். வரலாற்றை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஆறு மணி நேரம் படிப்பதைவிட, திங்கள், புதன், சனி என்று இரண்டிரண்டு மணி நேரமாகப் பிரித்துப் படித்தால் மனதில் தங்கும். இடையில் கொஞ்சம் மறந்துபோகும், மறுபடி நினைவுக்குக் கொண்டுவரக் கஷ்டமாக இருக்கும். அந்தக் கஷ்டம்தான் வேலை செய்கிறது.

இன்னொன்று. பெரும்பாலான பிள்ளைகள் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, மஞ்சள் மையால் கோடு போட்டு, தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களைப் பிரித்து, ஒரு சாராரை ஒரு பாடத்தை நான்கு முறை படிக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் ஒருமுறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, மூன்று முறை ஞாபகத்திலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள்: 83 விழுக்காடு, மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ நிலைமை தலைகீழ். படித்தவர்களுக்கு 40 விழுக்காடுதான் நின்றது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே!

ஆகவே தம்பி, தங்கச்சி, புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பாருங்கள். தேர்வு மன்றத்தின் பாடத்திட்டத்தையும் பழைய கேள்வித் தாள்களையும் ஆசிரியரிடம் கேட்டு வாங்கி, மணி பார்த்து எழுதுங்கள். வீட்டில் அம்மாவிடமோ பாட்டியிடமோ தமிழில் விளக்கிச் சொல்லுங்கள். விலைவாசி ஏன் ஏறுகிறது என்பதைப் பாட்டிக்குப் புரியும்படி சொல்ல முடிந்தால் உங்களுக்குப் பாடம் புரிந்துவிட்டது. பாட்டி திருப்பிக் கேட்கும் கேள்வி வாத்தியாரின் கேள்வியைவிடக் கடினமாகவும் இருக்கும்!

சாப்பாட்டுக்கு வருவோம். முதலில் கோப்பி. குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் அதன் வீரியத்தில் ஏறத்தாழ பாதி உடம்பில் நிற்கும். மாலை நான்கு மணிக்கு மேல் கோப்பியும் கெட்டித் தேநீரும் வேண்டாம். அதைவிட முக்கியம், சோற்றோடு சேர்த்துத் தேநீர் குடிக்கும் பழக்கம். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தேநீர் தடுத்துவிடும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். முருங்கைக் கீரையோடு எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், சாப்பிட்ட பிறகு ஒரு கொய்யாப்பழம் கடியுங்கள். இரும்புச் சத்து நன்றாக ஏறும். காலையில் ஒன்றும் இறங்கவில்லையா? ஒரு முட்டையை அவித்துப் பையில் போட்டுக் கொடுங்கள், பஸ்ஸில் சாப்பிடட்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாதவிடாயில் இரத்தம் போகிறது, சாப்பாடும் குறைவு. சோர்வு, தலைசுற்றல், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குதல் இருந்தால் "சோம்பேறி" என்று திட்டாதீர்கள். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளியில் பார்க்கலாம், இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம் இதையும் கோபிக்காமல் கேளுங்கள்: மகன் படித்தால் டி.வி.யை நிறுத்துகிறோம், மகள் படித்தால் "சட்டியைக் கழுவிட்டுப் போய்ப் படி" என்கிறோம். அவள் இரவு இரண்டு மணி வரை விழித்திருப்பதற்குக் காரணம் பாதி நம் சட்டிதான். தேர்வு முடியும் வரையிலாவது அந்தச் சட்டியை அண்ணன் கழுவட்டும்.

கண்ணுக்கும் ஒரு வார்த்தை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தூரத்தில் உள்ளதை இருபது விநாடி பாருங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரிந்தால் கண் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

இவ்வளவு ஏன் வலியுறுத்துகிறேன்? மெட்ரிகுலேஷன் இடங்களில் பெரும்பங்கு பூமிபுத்ராக்களுக்கு ஒதுக்கப்பட்டது. தனியார் கல்லூரிக் கட்டணம் நம் சம்பளத்துக்கு எட்டாது. அரசாங்கப் பள்ளியிலேயே படித்து அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குப் போக ஆறாம் படிவம் நமக்குத் திறந்திருக்கும் கதவு. முன்பெல்லாம் ஒன்றரை வருடப் படிப்பும் கடைசி ஒரே தேர்வில் தொங்கியது. 2012 முதல் மூன்று பருவமாகப் பிரித்துவிட்டார்கள். முதல் பருவத்தில் சறுக்கினால் அந்தத் தாளைத் திரும்ப எழுதவும் வழியுண்டு. ஒரு தாள் போனதற்காகப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வேலைக்கு அனுப்பாதீர்கள். விதிமுறையை ஆறாம் படிவ ஆசிரியரிடம் நேரில் போய்க் கேளுங்கள்.

மழைக்காலம் வேறு இருக்கிறது. 2023 மார்ச் வெள்ளத்தில் நம் செகாமட் மாவட்டம் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். குறிப்பு நோட்டுகளையும் அடையாளக் கார்டையும் தேர்வுச் சீட்டையும் பிளாஸ்டிக் பையில் கட்டி அலமாரி மேல் வையுங்கள். தண்ணீர் ஏறும் அறிகுறி தெரிந்தால் பள்ளிக்கு அருகில் உள்ள உறவினர் வீட்டில் பிள்ளையை முதல்நாளே விட்டுவிடுங்கள்.

கடைசியாக, பிள்ளை சாப்பிடாமல், யாரிடமும் பேசாமல், "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்ற மாதிரி சொன்னால் அதை நடிப்பு என்று எண்ண வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், தனியே விடாதீர்கள். சுகாதார அமைச்சின் 'ஹீல்' தொலைபேசி 15555-க்குப் பேசலாம், பெற்றோரும் பேசலாம். எண்ணைச் சுவரில், நாட்காட்டிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்.