அலையடிக்காத இடம் அமைதியான இடமா?

மல்லேஸ்வரத்தில் வளரும் குழந்தைக்குப் பெரிய நீர்ப்பரப்பு என்றால் 1882-இல் அமைக்கப்பட்ட சாங்கி ஏரிதான். அது நின்ற நீர். நீச்சல் குளமும் அவ்வாறே. விடுமுறைக்குச் சக்லேஷ்பூர் மலைப்பாதை வழியே இரவு ரயிலில் சென்று முதன்முறையாகக் கடலைக் காணும் குழந்தைக்கு, நீர் தானே நகரும், ஆளையும் இழுக்கும் என்பது புதிய செய்தி. குளத்தில் நன்றாக நீந்தும் பிள்ளை கடலிலும் நீந்திவிடும் என்று பெற்றோர் பலர் நம்புகின்றனர். அந்த நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை.

சிறு குழந்தைகளுடன் செல்வோர், நுரைத்துப் பொங்கும் அலைகளுக்கு அஞ்சி, அலை குறைந்த இடைவெளியைத் தேடி இறங்குவது வழக்கம். பல வேளைகளில் அதுவே கரையின் மிக ஆபத்தான பகுதி. அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கும் நீர் திரும்பிச் செல்ல வழி வேண்டும். மணல்திட்டுகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தின் வழியாக அது கடலை நோக்கி விரைகிறது. அங்கு ஆழம் மிகுதி என்பதால் அலை உடைவதில்லை. நீர் சற்றுக் கருமையாகவோ மணல் கலங்கியோ தோன்றும். நுரை கடற்புறமாக நகரும். வலுவான இழுப்பு நீரோட்டம் நொடிக்கு 2 மீட்டருக்கு மேலும் செல்லக்கூடும். அதை எதிர்த்துக் கரைநோக்கி நீந்த முயல்வோர் களைத்துப்போவர். மிதந்தபடி கையுயர்த்தி உதவி கேட்பதும், இயன்றால் கரைக்கு இணையாக நீந்தி விலகுவதுமே வழி.

ஆகவே பாய் விரிக்கும் முன் பத்து நிமிடம் கடலை நோக்கி நில்லுங்கள். அலை எங்கே உடைகிறது, எங்கே உடையவில்லை என்று பிள்ளைகளையே காட்டச் சொல்லுங்கள். பெரியவர்களைவிட விரைவாகக் கண்டுபிடித்துவிடுவார்கள்!

தெளிந்த வானத்தையும் நம்பிவிட இயலாது. தென் இந்தியப் பெருங்கடலில் எங்கோ வீசும் புயல் எழுப்பும் நீள் அலைகள் பல நாள் பயணம் செய்து, காற்றே இல்லாத நம் கரையில் திடீரெனப் பொங்கும். திருடனைப்போல் வருவதால் மீனவர் இதனைக் ‘கள்ளக்கடல்’ என்பர். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் உயிரிழந்தது இத்தகைய எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த நாட்களில்தான். ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இவ்வெச்சரிக்கைகளை வெளியிடுகிறது. புறப்படும் முன் அதன் இணையதளத்தைப் பார்த்துவிடுவது நன்று. நம் மாநிலத்தில் உடுப்பி அருகே படுபித்ரியும் ஹொன்னாவர் அருகே காசர்கோடும் 2020-இல் நீலக்கொடிச் சான்று பெற்றவை. உயிர்காப்பாளர் உள்ள இத்தகைய கரைகளையே தேர்ந்தெடுக்கலாம்.

பத்துப் பேர் கொண்ட குடும்பத்தில் ‘எல்லோரும் பார்த்துக்கொள்கிறோம்’ என்றால் யாருமே பார்ப்பதில்லை. வங்கியில் பெட்டகச் சாவி கைமாறும்போது பதிவேட்டில் கையொப்பமிடுகிறோம் அல்லவா? குழந்தையும் அவ்வாறே, “இனி நீங்கள் பாருங்கள்” என்று வாய்விட்டுச் சொல்லி ஒப்படைக்கப்பட வேண்டும். பொறுப்பேற்றவர் இருபது நிமிடம் கைபேசியைத் தொடாமல், குழந்தையைக் கை எட்டும் தொலைவில் வைத்திருக்கட்டும். குழந்தையின் மணிக்கட்டில் பெற்றோரின் கைபேசி எண்ணை எழுதிவிடுங்கள். அவசர உதவிக்கு 112. கடலோரக் காவல்படைக்கு 1554.

சிறுவர்க்கான பாடம் பெரும்பாலும் ஈரமணலில்தான் இருக்கிறது. நீர் வற்றும் நேரத்தில் மணலெங்கும் சிறு உருண்டைகள் கோலமிட்டதுபோல் கிடக்கும். மணலை வாயிலிட்டு, அதிலுள்ள நுண்ணுணவை வடித்துக்கொண்டு, எஞ்சியதை உருட்டிப் போடும் குட்டி நண்டுகளின் வேலை அது. அசையாமல் அமர்ந்தால் அவை வளையைவிட்டு வெளிவரும். ஓடியாடும் ஐந்து வயதுப் பிள்ளையும் இதற்காகச் சில நிமிடம் அசையாதிருக்கும். ஈரமணலில் ஒரு குச்சியை நட்டு, நீர் எவ்வளவு விலகியது என்று மணிக்கொருமுறை அடியளந்து பார்க்கச் செய்யலாம். மறுநாள் அதே நிலைக்கு நீர் வர ஏறத்தாழ 50 நிமிடம் தாமதமாகும் என்பதைச் சொன்னால், சந்திரனைப் பற்றிய பேச்சு தானே தொடங்கும். மணற்குழி மட்டும் குழந்தையின் முழங்காலுக்கு மேல் ஆழமாக வேண்டாம், சரிந்தால் மூச்சடைக்கும். கரையொதுங்கிய சொறிமீன் இறந்திருந்தாலும் கொட்டும், தொட வேண்டாம்.

சற்று வளர்ந்த பிள்ளைகளை மால்பேயிலிருந்து படகில் செயின்ட் மேரிஸ் தீவுக்கு அழைத்துச் செல்லலாம். எரிமலைக் குழம்பு குளிர்ந்து இறுகிய பாறைத் தூண்களுக்கு எத்தனை பக்கம் என்று எண்ணச் சொல்லுங்கள். ஐந்தும் ஆறும் ஏழும் வரும். இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்த காலத்துப் பாறைகள் அவை. மழைக்காலத்தில் படகுப் போக்குவரத்து கிடையாது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம்.