ஏலக்காயும் வருகைப் பதிவேடும்

உடும்பஞ்சோலை வட்டத்துப் புற்றடியில் ஏலக்காய்க்கு யாரும் குரல் கொடுத்து விலை கேட்பதில்லை. நறுமணப் பொருட்கள் வாரியம் 2007இல் புகுத்திய மின் ஏலத்தில், வியாபாரிகள் கணிப்பொறி முன் அமர்ந்தே கேட்கிறார்கள். அங்கே எந்த இருக்கையில் யார் நுழைந்தார் என்ற பதிவு பிசகினால், நஷ்டம் விவசாயிக்கு.

இதே கவலைக்கு லினக்ஸ் உலகம் தந்த விடைகளில் ஒன்று ‘லிப்யூடெம்ப்டர்’ என்ற நிரல் நூலகம். திரையில் திறக்கும் போலி முனையங்களுக்கு வருகைப் பதிவேட்டில் நேரடியாக எழுத அதிகாரமில்லை. சிறு துணை நிரல் ஒன்றிடம் மட்டுமே பேனா. கேட்பவர் அந்த முனையத்தின் சொந்தக்காரர்தானா என்று சோதித்த பிறகே அது எழுதும்.

ஆனால் பழைய பதிவேட்டின் நேரக் கணக்கு 32 பிட். 2038 ஜனவரி 19இல் அது நிரம்பிவிடும். அதற்குள் பதிவேட்டையே மாற்றியாக வேண்டும்.