வலம்புரி எந்தப் பக்கம் சுழல்கிறது?

எங்கள் புக்கிட் காத்தில் பக்கம் கோயில் பூசைக்கும் சங்குதான், சாவு வீட்டுக்கும் சங்குதான். இரண்டும் ஒரே கடல் நத்தையின் ஓடு. 4,000 ஆண்டுகளுக்கு முன்பே சிந்துவெளி மக்கள் குஜராத்தின் நாகேஸ்வரில் இதை அறுத்து வளையல் செய்தார்கள். பாண்டியரின் கொற்கைத் துறைமுகம் முத்தோடு சங்குக்கும் பேர்போனது. வங்காளத்தில் மணமான பெண்கள் இன்றும் சங்கு வளையல் அணிகிறார்கள்.

பெரும்பாலான சங்குகள் இடம்புரி. வலம்புரி மிக அரிது. அதனால்தான் அதை மகாலட்சுமியின் வடிவமாக வைத்துப் பூசிக்கிறார்கள். எனக்கு இதில் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. நாம் வலம்புரி என்பதை உயிரியல் நூல்கள் இடச்சுழி என்கின்றன! அவர்கள் ஓட்டின் சுருள்முனையை மேலே வைத்துப் பார்க்கிறார்கள், நாம் கீழே வைத்துப் பார்க்கிறோம். அவ்வளவுதான்.

அரிது என்றால் விலையும் ஏறும், போலியும் வரும். அமெரிக்கக் கடலோரத்தில் வாழும் வேறொரு நத்தையின் ஓடு இயல்பாகவே வலம்புரியாகத்தான் சுழலும். அதைக் காட்டி, வீட்டில் வைத்தால் செல்வம் கொழிக்கும் என்று விற்பவர்கள் உண்டு. அம்மாவோ பாட்டியோ வாங்கப் போனால் நீங்களும் கூடப் போங்கள். வாய்க்குள் எட்டிப் பாருங்கள். உண்மையான சங்கின் நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்புகள் வரிவரியாகத் தெரியும். அமெரிக்க ஓட்டில் அந்த வரிகள் இருக்காது.